பந்தைக் கொடுக்காத ஞாயிற்றுக்கிழமை

கால்பந்து என்பது காலால் ஆடுகிற ஆட்டம் என்று இன்னும் சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அதைப் பாயில் சாய்ந்துகொண்டு இரண்டு கட்டைவிரலால் ஆடினார்கள். ஆடியவர் என் மருமகன். விடிகாலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவர்கள் கூடையை எடுக்கிற நேரத்தில் உட்கார்ந்தால், அவர்கள் மடுவத்துத் தராசில் தேயிலைக் கொழுந்தை நிறுத்துவிட்டுத் திரும்பும்வரை, மத்தியானச் சோற்றுக்கும் தூக்கத்துக்கும் தவிர எழுந்திருக்க மாட்டார். அவ்வளவு ஓடியும் அவருக்கு ஒரு சொட்டு வேர்வை வந்து நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தது.

மருமகன் எனக்கு வெளியாள் இல்லை, என் அண்ணன் மகன்தான். பிறந்ததிலிருந்து வாடா போடா என்று இடுப்பில் தூக்கிச் சுமந்த பிள்ளை. என் மகள் கழுத்தில் தாலி ஏறிய நிமிடத்திலிருந்து 'அவர்' ஆகிவிட்டார். அவர் மூக்கைத் துடைத்துவிட்ட அதே கையால் தட்டு வைத்து, "சாப்பிடுங்க மருமகனே" என்றேன். மரியாதை கொடுப்பதில் ஒரு வசதியும் உண்டு. கடைசியில் 'ங்க' சேர்த்துவிட்டால் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடலாம்.

எங்கள் லயம், தோட்டத் தொழிலாளிகளுக்குக் கட்டின வரிசை வீடு, நமுனுகுல மலைக்குக் கீழே இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஒன்று என்று பத்துக் காம்பராவில் எங்களுடையது கடைசி. அந்தக் காம்பராவுக்கு, டிவியில் மாட்டி ஆடுகிற கறுப்புப் பெட்டி குவைத்திலிருந்து வந்தது. என் மகள் அங்கே ஒரு வீட்டில் நாலு வருடம் வேலை பார்த்தாள். அந்த வீட்டுப் பையன்களுக்குப் புதுப் பெட்டி வாங்கிவிட்டார்களாம். பழையதைக் குப்பையில் போடுவதற்குப் பதிலாக மேடம் இவள் பயணப் பெட்டியில் போட்டுவிட்டார். மகளும் புருஷன் நாலு வருடம் தனியாகக் கிடந்தாரே என்று இரக்கப்பட்டுச் சுமந்துகொண்டு வந்தாள். அந்தப் பாவத்துக்கு அவள் அனுபவித்தாள்.

அவள் போகும்போது என் பேத்திக்கு ஒரு வயது. திரும்பி வந்தபோது ஐந்து. முதல் நாள் பிள்ளை என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மாயி, இந்த அக்கா எப்ப போவாங்க?" என்று கேட்டது. மகள் அடுப்படிப் பக்கம் திரும்பி ரொட்டிக்கு மா பிசைந்தாள். பத்துப் பேருக்குப் போதுமான மாவைப் பிசைந்துவிட்டாள். இரண்டு நாளைக்கு ரொட்டிதான் தின்றோம்.

மருமகனுக்குத் தேயிலைப் பெக்டரியில் வேலை. கொழுந்தை அரைக்கிற ரோலருக்குப் பக்கத்தில் நிற்பார். நல்ல வேலைக்காரர்தான், பொய் சொல்லக்கூடாது. பெட்டி வந்த மூன்றாம் வாரம் இடுப்பில் ஒரு வலி வந்தது. அந்த வலி விசித்திரமான வலி. நின்றால் வரும், நடந்தால் வரும், பெக்டரி சங்கு ஊதினால் வரும். பாயில் சாய்ந்து கால்பந்து ஆடினால் மட்டும் வராது. பசறை ஆஸ்பத்திரியில் கொடுத்த தைலத்தை நான்தான் தேய்த்துவிட்டேன். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்தைக் காட்டுவார். நானும் காட்டின இடத்தில் தேய்ப்பேன்.

மகள் வந்த நாலாம் மாதம், பதுளையில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரரிடம் மருமகன் அவளுடைய பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அவளிடம் கேட்கவில்லை. கொடுத்துவிட்டு வந்து சொன்னார்.

"அடுத்த திங்கக்கிழம மெடிக்கலாம். ஒரே ஒரு ரெண்டு வருசம். கண்ண மூடித் தொறந்தா ஓடிப் போயிரும்."

"நான் போகலங்க" என்றாள் மகள்.

"யாரு முடிவெடுக்கிறது இந்த வீட்ல?"

"புள்ள இப்பத்தான் என்னைய அம்மான்னு கூப்புடுது."

"அது போனுலயும் கூப்புடும்."

இதைச் சொல்லும்போது அவர் கண் டிவியைவிட்டு நகரவில்லை. ஒரு கோல் போட்டார். கைதட்டல் கேட்டது. பக்கத்துக் காம்பரா அக்கா வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மூத்தவள். இருபது வருடம் எனக்குப் பக்கத்து நெரையில் கொழுந்து எடுத்தவள். ஒருத்திக்கு இரண்டு பக்கச் செடி என்று பிரித்துக் கொடுக்கிற வரிசைதான் நெரை. அவள் என்னைப் பார்த்தாள். நான் மருமகனைப் பார்த்தேன்.

"ஏங்க மருமகனே, இந்த வெளாட்டுல ஒங்கள ஜெயிக்க ஆளே இல்லியா?"

"இந்தத் தோட்டத்துலயே இல்ல அத்தே."

"அப்ப ஜெயிக்கிற ஆளு இருந்தா?"

அவர் சிரித்தார். "இந்த லயத்துல யாராச்சும் என்னைய ஜெயிச்சுட்டா, நானே பதுளைக்குப் போயி பாஸ்போர்ட்ட வாங்கிட்டு வந்து கையில குடுக்குறேன். வீட்ட நீங்களே ஆளுங்க."

"சத்தியமா?"

"முருகன் மேல சத்தியம்."

"முருகன் கதிர்காமத்துல இருக்காரு, தூரம். கிட்டத்துல இருக்கிற சாமியாச் சொல்லுங்க."

"ரோதமுனி மேல சத்தியம், போதுமா?" என்றார், அடுத்த கோலுக்குப் போகிற அவசரத்தில்.

அங்கேதான் மாட்டினார். எங்கள் பெக்டரி மூலையில் ரோதமுனி இருக்கிறார். குங்குமம் அப்பின கல்தான். ஆனால் சக்கரத்துக்கும் மெஷினுக்கும் அவர்தான் காவல். காலையில் அவருக்குச் சூடம் காட்டாமல் யாரும் மெஷினைத் தொட மாட்டார்கள். அவரிடம் பொய் சொன்னவனுடைய கையை மெஷின் பார்த்துக்கொள்ளும் என்பது பெக்டரிக்காரர்களுடைய நம்பிக்கை. மருமகனுக்குச் சொன்னபிறகுதான் உறைத்தது. ஆனால் ஜெயிக்கப் போவது யார், நாங்களா என்று தைரியமாக இருந்துவிட்டார்.

"கேட்டியாக்கா?" என்றேன்.

"காது நல்லாத்தான் கேக்குது" என்றாள் அவள்.

மெடிக்கலுக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்று பேசிக்கொண்டோம். எனக்குக் கையில் ஆறு நாள் இருந்தது. மருமகன் மத்தியானம் சோறு தின்றபிறகு இரண்டு மணி நேரம் உள்ளே போய்த் தூங்குவார். ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு முக்கியமாம். அந்த இரண்டு மணி நேரத்தில் நான் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கையில் பிடிக்கிற பொத்தான் பெட்டியில் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு படம் போட்டிருந்தார்கள். பெருக்கல் குறியை அழுத்தினால் பந்து பக்கத்து ஆளுக்குப் போகிறது. சதுரத்தை அழுத்தினால் ஓங்கி அடிக்கிறான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றதற்குக் காரணமே பெருக்கல்தான். அறுபது வயதில் அது எனக்கு நன்றாக வந்தது.

ஆள்களைப் பார்த்ததும் எனக்குப் பயம் போய்விட்டது. மலையில் நெரை பிடித்து நிற்கிற மாதிரியே நிற்கிறார்கள். பக்கத்தில் இருக்கிறவளுக்குக் கொடு, அவள் வாங்கித் திருப்பிக் கொடுப்பாள், முன்னால் வழி அடைத்திருந்தால் பின்னால் இருக்கிறவளுக்குக் கொடு. இதில் என்ன இருக்கிறது? மூன்றாம் நாளே பந்து என் ஆள்களைவிட்டுப் போகாமல் நான் பார்த்துக்கொண்டேன். எதிரில் பெட்டியே ஆடுகிறது, அதுவும் ஓடி ஓடிப் பார்க்கிறது, பந்து கிடைக்கவில்லை. எனக்கு ஒரே பெருமை.

கோல் மட்டும் நான் போடவில்லை. போட முடியாமல் இல்லை. ஒரு தடவை தவறிப் போட்டுவிட்டேன். என்ன நடந்தது தெரியுமா? பந்தை எடுத்து நடுவில் வைத்து எதிராளியிடம் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவு நேரம் பாடுபட்டுக் காப்பாற்றின பந்து. எனக்கு வயிறு எரிந்தது. கொழுந்து கூடையில் இருக்கும்வரைதான் நம்முடையது. தராசில் ஏற்றினால் ஈரத்துக்குக் கழிப்பார்கள், முற்றின இலைக்குக் கழிப்பார்கள், கணக்கப்பிள்ளைக்கு மனசு சரியில்லை என்றால் அதற்கும் கழிப்பார்கள். முப்பது வருடம் பார்த்தவள் நான். அதனால் இந்த ஆட்டத்தின் சூட்சுமம் எனக்குப் பிடிபட்டுவிட்டதாகவே நினைத்தேன்: கோல் போடுகிறவன் முட்டாள்.

நாலாம் நாள் மகள் தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்து என்னைப் பார்த்துவிட்டாள். குடத்தை இறக்காமலே சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"என்னம்மா, தேயிலையா புடுங்குறீங்க?"

"நீ வந்து புடுங்கு பாப்போம்."

குடத்தை இறக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பந்து இவள் ஆள்களிடமே இருந்தது. என் ஆட்டம் மாதிரி தத்தித் தத்தி அல்ல. தறியில் நாடா ஓடுகிற மாதிரி இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய் வந்தது. எதிராளிகள் இந்தப் பக்கம் கூடினால் பந்து அந்தப் பக்கம் போகும். அந்தப் பக்கம் ஓடினால் நடுவில் வரும். அவர்கள் ஓடி ஓடி, கடைசியில் கோல் வாசலில் ஆளே இல்லை. வாசல் திறந்து கிடக்கிறது. இவள் பந்தைத் திருப்பிப் பின்னால் கொண்டுபோனாள். மறுபடியும் வாசல்வரை வந்தாள். மறுபடியும் திரும்பினாள்.

"எங்கடி படிச்ச இத?"

"அந்த வீட்டுச் சின்னவன்கூட வெளாடணும்மா. அதுவும் வேலதான். நான் கோல் போட்டா அவன் அழுவான். அவன் அழுதா மேடம் என் சாப்பாட்டத் தூக்கி உள்ள வச்சுருவாங்க. சும்மா விட்டுக் குடுத்தாலும் கண்டுபுடிச்சு அழுவான். அதனால பந்த நானே வச்சிருந்து, கடைசி நேரத்துல தவறவிட்ட மாதிரி அவன்கிட்ட விடணும்."

"நாலு வருசமாவா?"

"உக்காந்து செஞ்ச வேல அது ஒண்ணுதாம்மா."

"ஒரு கோல்கூடப் போட்டது இல்லியா?"

"இல்ல."

"இப்பப் போடு."

வாசலுக்கு வந்தாள். கட்டைவிரல் சதுரத்துக்குமேல் போய் நின்றது. அழுத்தவில்லை. "பழக்கமாப் போச்சு" என்று கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஒரு வீட்டில் கோல் போடுகிறவன் முட்டாள் என்று நினைக்கிற ஒருத்தி, கோல் போடத் தெரிந்தும் விரல் வராத ஒருத்தி. இப்படி ஒரு படையோடு நான் ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்த்திருந்தேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆட்டம். பக்கத்துக் காம்பரா அக்கா சாட்சிக்கு வந்து சாக்கை விரித்து உட்கார்ந்தாள். வெற்றிலையும் கொண்டுவந்திருந்தாள். மருமகனுக்குச் சிவப்புச் சட்டை, எனக்கு நீலச் சட்டை. நான் உட்கார்ந்ததும் மருமகனுக்குச் சிரிப்பு வந்தது.

"அத்தே, நெசமாத்தான் வந்திருக்கீங்களா?"

"சும்மா வரலாமா? ஒங்களுக்கு இடுப்பு வலி, வேற வேலைக்கும் போக முடியாது. பொழுது போகட்டும்னு வந்தேன்."

ஆரம்பித்தது. பந்து என்னிடம். பக்கத்தில் இருக்கிறவனுக்குக் கொடுத்தேன், திருப்பி வாங்கினேன். மருமகன் கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தார்.

"அத்தே, அந்தப் பக்கம் கோல் கம்பு இருக்கு, தெரியுதா?"

"தெரியுதுங்க. நட்டுத்தானே வச்சிருக்காங்க, எங்க ஓடிரப் போகுது."

"இது வெளாட்டா? கிட்டயே வர மாட்டேங்கிறீங்க."

"நீங்க வாங்களேன். ஒங்களுக்குத்தான் நல்லா ஓட வருமே."

வந்தார். அவர் வந்த வேகத்தில் பந்தைப் பின்னால் தள்ளித் தள்ளி எங்கள் கோல் காக்கிறவன்வரை கொண்டுபோய்விட்டேன். அதற்குமேல் பின்னால் கொடுக்க ஆள் இல்லை. மலையில் நெரை முடிந்தால் ரோட்டில் இறங்கிவிடலாம். இங்கே ரோடு இல்லை. ஏதோ ஒன்றை அழுத்தினேன், பந்து நேராகச் சிவப்புச் சட்டைக்காரன் காலடியில் போய் விழுந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம். பாதி ஆட்டம் முடிந்தது.

பேத்தி என் மடியில் வந்து உட்கார்ந்து, "அம்மாயி, தோத்துட்டீங்களா?" என்றது. அது தெரியாமல் கேட்டது. ஆனால் அடுப்படி வாசலில் நின்றிருந்த என் மகள் முகம் வெளுத்துவிட்டது. நாளைக்கு மெடிக்கல். அடுத்து கொழும்பு. அதற்கு அடுத்து இந்தப் பிள்ளை மறுபடியும் அவளை அக்கா என்று கூப்பிடும்.

நான் அவளைக் கூப்பிட்டு, பொத்தான் பெட்டியைக் கையில் கொடுத்தேன்.

"ஆள் மாத்துறது கெடையாது" என்றார் மருமகன்.

"ஏன் தம்பி" என்றாள் அக்கா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "இப்பத்தான் நீ டீவியில ரெண்டு ஆளு மாத்துன. நாங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தோம்."

"அது வேற."

"என்ன வேற? புள்ளைக்குப் பால் குடுக்கப் போனா பக்கத்து நெரைக்காரி அவ நெரையையும் சேத்து எடுப்பா. கங்காணியே ஒண்ணும் சொன்னதில்ல. நீ கங்காணியவிடப் பெரியாளா?"

"யாராச்சும்னுதான சொன்னீங்க மருமகனே" என்றேன். "ரோதமுனிக்கு மறதி கெடையாது."

"வரட்டும், வரட்டும்" என்றார். பெண்டாட்டி என்பதால் பயம் இல்லை. அவள் குவைத்தில் பாத்திரம் கழுவினாள் என்பதுதான் அவருக்குத் தெரியும்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவர் பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் முட்டி போட்டார். இடுப்பு வலி எங்கே போனதோ தெரியவில்லை. அவருடைய சிவப்புச் சட்டைகள் பந்துக்குப் பின்னால் கூட்டமாக ஓடுகின்றன. கிட்டே போகும்போது பந்து அங்கே இல்லை. ஒருத்தன் சறுக்கி விழுந்து எங்கள் ஆளைத் தடுக்கிவிட்டான். மஞ்சள் அட்டை காட்டினார்கள்.

"என்ன இது, பந்த ஒளிச்சு ஒளிச்சு வச்சுக்கிட்டு" என்றார். நெற்றியில் வேர்வை.

மகள் பந்தோடு கோல் வாசலுக்கு வந்தாள். அங்கே ஆள் இல்லை. திரும்பினாள். சுற்றி வந்தாள். மறுபடியும் வாசல். மறுபடியும் திரும்பினாள். மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மருமகனுக்குச் சிரிப்பு திரும்பி வந்தது.

"இவளுக்கு அடிக்கத் தெரியாது அத்தே. நேரம் போனா நான்தான் ஜெயிச்சேன்."

அப்போதுதான் எனக்குக் கழிவு, தராசு எல்லாவற்றுக்கும் மறுபக்கம் ஞாபகம் வந்தது. கூடையிலேயே வைத்திருந்த கொழுந்து என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? ஒருநாள் மழைக்குப் பயந்து, மடுவத்துக்குப் போகாமல், கூடையை அமுக்கி அமுக்கி நிறைத்து வைத்திருந்தேன். கொண்டுபோய்க் கொட்டினபோது உள்ளே இருந்த கொழுந்து அவிந்து, செங்கல் நிறத்தில் கிடந்தது. கணக்கப்பிள்ளை முழுக் கூடையையும் தண்ணீர் ஓடுகிற கான் பக்கம் கொட்டச் சொன்னார்.

"ஏன்டி" என்றேன், "கூடையிலயே வச்சிருந்தா அவிஞ்சு போயிரும்டி. நிறுக்கப் போ."

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பந்து ஓரமாகப் போனது. சிவப்புச் சட்டைகள் எல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்தன. ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒரு மெல்லிய தள்ளு. அங்கே எங்கள் நீலச் சட்டைக்காரன் ஒருத்தன் தனியாக நின்றான். கோல் காக்கிறவன் தப்பான பக்கம் விழுந்தான். அவள் ஓங்கி அடிக்கக்கூட இல்லை. பெருக்கல் குறியாலேயே பந்தை உள்ளே அனுப்பிவிட்டாள். பக்கத்து ஆளுக்குக் கொடுக்கிற மாதிரி வலைக்குக் கொடுத்தாள்.

பந்து மருமகனுக்குப் போனது. எனக்கு வழக்கம்போல வயிறு எரிந்தது. அவர் ஆத்திரத்தில் ஓடினார், நேராக எங்கள் ஆள் காலில் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டாவது கோல் முதல் கோல் மாதிரியேதான். ஓரம், நடு, வலை. மருமகன் அதே மாதிரியே ஏமாந்தார்.

அதற்குப் பிறகு நேரம் கொஞ்சம் இருந்தது. அந்த நேரம் முழுவதும் அவள் பந்தைக் கொடுக்கவில்லை. வாசல் பக்கம் போகவும் இல்லை.

"ஏய், பந்தக் கொஞ்சம் குடு" என்றார் மருமகன். அவர் கெஞ்சி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"இருங்க" என்றாள். "கண்ண மூடித் தொறந்தா நேரம் ஓடிப் போயிரும்."

அக்கா வெற்றிலைச் சாற்றைத் துப்ப வெளியே போனாள். போன வேகத்தில் ஒன்பது காம்பராவுக்கும் செய்தி போய்விட்டது.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மருமகன் பதுளைக்குப் போனார். மெடிக்கலுக்குப் போகவேண்டியவள் வீட்டில் பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அவர் வாக்குத் தவறுவார் என்று எனக்கு உள்ளுக்குள் பயம்தான். ஆனால் ரோலருக்குப் பக்கத்தில் நிற்கிற கை அது. என்றைக்காவது ஒருநாள் திரும்பப் போய் நின்றாகவேண்டும். சாயங்காலம் பாஸ்போர்ட்டோடு வந்தார். மகள் கையில் கொடுக்க வெட்கப்பட்டு என் கையில் கொடுத்தார். அதை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை. அரிசி டின் அல்ல, அங்கே எல்லோரும் தேடிவிட்டார்கள்.

பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு அவர் போகவில்லை.

"இன்னொரு ஆட்டம் ஆடலாம்" என்றார் மகளிடம்.

ஆடினார்கள். மூன்றுக்குப் பூஜ்யம், மருமகன் ஜெயித்தார். வாசலில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். நேற்று சும்மா விட்டுக் கொடுத்தேன் என்றும் சொன்னார். அந்த வாரமே இடுப்பு வலி குறைந்து பெக்டரிக்குப் போய்விட்டார். முதல் வேலையாக ரோதமுனிக்கு இரண்டு சூடம் காட்டினாராம். இன்றைக்கும் எங்கள் லயத்தில் கால்பந்துக்கு அவர்தான் ராஜா. நானும் மறுத்துச் சொல்வதில்லை.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை ஆட்டத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மூன்று தடவையும், கடைசி நேரத்தில் தவறவிட்ட மாதிரி, பந்து சிவப்புச் சட்டைக்காரன் காலடியில் போய் மெதுவாக விழுந்தது. அவர் தேத்தண்ணி குடிக்க வெளியே போனபிறகு கேட்டேன்.

"ஏன்டி விட்டுக் குடுத்த?"

மகள் மடியில் பேத்தி தூங்கிப்போயிருந்தது. பிள்ளை எழுந்துவிடாமல் பொத்தான் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"இங்க ஜெயிச்சாலும் யாரும் சாப்பாட்டத் தூக்கி உள்ள வைக்க மாட்டாங்கள்லம்மா" என்றாள். "அதான், இந்தத் தடவ நானா இஷ்டப்பட்டுத் தோத்துப் பாத்தேன்."